பாவம் மன்னிக்கப்பட்டிருந்தால் நோய் ஏன் நீங்கவில்லை? என் அப்பாவின் கேள்வி

பகாவ் மகள்
ஞாயிறு, இரவு 10.15

வேதத்தை என்னைவிடக் கருத்தோடு படித்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள் என்ற துணிவில், இரண்டு மாதமாக எங்கள் வீட்டில் யாராலும் பதில் சொல்ல முடியாமல் கிடக்கும் ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன்.

என் அப்பாவுக்கு 67 வயது. மலேசியாவின் நெகிரி செம்பிலானில் உள்ள பகாவ் பட்டணத்துக்கு வெளியே ஒரு தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால்மரம் சீவி, பிறகு தொழிலாளர்களை மேற்பார்க்கும் மண்டோராகி, இரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயங்கள் என்னும் தொழிலாளர் வரிசை வீடுகள் காலியான பிறகு, பட்டணத்துத் தாமான் (குடியிருப்புப் பகுதி) ஒன்றில் ஒரு சிறிய வீட்டுக்குக் குடிவந்தவர். இருபது ஆண்டுகளாக அவருக்கு இனிப்புநீர் (நீரிழிவு). மூன்று ஆண்டுகளுக்கு முன் இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்தன. செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ் செய்துகொள்கிறார்.

இரண்டு மாதத்துக்கு முன், வெளியூரிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார் நடத்திய சுகமளிக்கும் கூட்டத்துக்கு அவரை அழைத்துச் சென்றோம். பிரசங்கியார் அப்பாவின் தலையில் கை வைத்து ஜெபித்து, அவர் குணமாகிவிட்டார் என்றும், இனி இயந்திரத்தை நாடுவது அவிசுவாசம் என்றும் எல்லார் முன்னிலையிலும் சொன்னார். அப்பா நம்பினார். செவ்வாய்க்கிழமை போகவில்லை, வியாழக்கிழமையும் போகவில்லை. வெள்ளி நள்ளிரவில் படுக்க முடியாமல், உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் தவித்தவரைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினோம். உயிர் பிழைத்தார். பிறகு அந்தக் கூட்டத்தை ஏற்பாடு செய்தவர்களிடம் இதைச் சொன்னபோது, அறிக்கையிடாத பாவம் ஏதோ தடையாக நிற்கிறது, அதனால்தான் சுகம் நிலைக்கவில்லை என்று பதில் வந்தது.

அந்தப் பதிலைத்தான் அப்பாவால் தாங்கிக்கொள்ள முடியவில்லை, ஏனென்றால் அப்படி ஒரு பாவம் உண்மையிலேயே இருந்தது. ஒருநாள் இரவு அவரே என்னிடம் சொன்னார். மண்டோராக இருந்த காலத்தில், பால் நிறுக்கும் கொட்டகையில், கணவனை இழந்த ஒரு தொழிலாளியின் கணக்கிலிருந்து நாள்தோறும் ஓரிரண்டு கிலோவைக் குறைத்து, தம் உறவினர் ஒருவரின் பெயரில் ஏற்றியிருக்கிறார். ஏறக்குறைய எட்டு மாதம் இது நடந்தது. அதற்காகப் பல ஆண்டுகளுக்கு முன்பே கர்த்தரிடம் அழுது மன்னிப்புக் கேட்டுவிட்டாராம். இப்போது அவர் கேட்பது இதுதான்: "அவர் மன்னித்திருந்தால் என் சிறுநீரகம் திரும்பியிருக்க வேண்டும் அல்லவா? திரும்பவில்லை என்றால், அவர் மன்னிக்கவில்லை என்றுதானே பொருள்?"

நான் என்ன சொல்லட்டும்?

பழைய டிரஸ்ஸர்
ஞாயிறு, இரவு 11.02

மகளே, வேத விளக்கத்துக்குப் போவதற்கு முன் ஒன்றைச் சொல்ல வேண்டியது என் கடமை. நான் தோட்ட மருத்துவமனைகளில் உதவியாளராக வேலை செய்து ஓய்வு பெற்றவன். நம் மக்கள் எங்களை டிரஸ்ஸர் என்று அழைப்பார்கள். சிறுநீரகம் நின்றுபோனவர் ஒரு முறை தவறவிட்டாலும் உடலில் நீர் கட்டி நுரையீரலில் தேங்கத் தொடங்கும். அதனால்தான் உங்கள் அப்பாவால் படுக்க முடியவில்லை. அதைவிட ஆபத்தானது இரத்தத்தில் ஏறும் பொட்டாசியம், ஏனென்றால் அது எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் இதயத்தை நிறுத்திவிடக்கூடியது. யார் கை வைத்து எதைச் சொன்னாலும் ஒரு முறைகூட இனித் தவறவிட வேண்டாம்.

நான் ஒரு சபையின் மூப்பனாகவும் இருக்கிறேன். மருத்துவத்தை நாடுவது அவிசுவாசம் என்று போதிப்பவர்கள் மாற்கு 2ஆம் அதிகாரத்தை முழுவதும் படித்ததில்லை என்றே நினைக்கிறேன். திமிர்வாதக்காரனை, அதாவது உடல் செயலிழந்து கிடந்தவனை, குணமாக்கிய அதே அதிகாரத்தில், பாவிகளோடு ஏன் சாப்பிடுகிறார் என்று கேட்டவர்களுக்கு ஆண்டவர் இயேசு சொன்ன பதில், "பிணியாளிகளுக்கு வைத்தியன் வேண்டியதேயல்லாமல் சுகமுள்ளவர்களுக்கு வேண்டியதில்லை" என்பது. பாவத்தை மன்னிக்கும் தம்முடைய வேலைக்கு உவமை தேடியபோது அவர் எடுத்துக்கொண்டது வைத்தியனின் வேலையைத்தான். பவுலோடு பயணம் செய்த லூக்காவை "பிரியமான வைத்தியன்" என்றே கொலோசெயர் நிருபம் அழைக்கிறது.

வேதமாணவன்
திங்கள், காலை 6.40

சகோதரி, உங்கள் அப்பாவின் கேள்வியில் இரண்டு முடிச்சுகள் ஒன்றாக விழுந்திருக்கின்றன. அவற்றைத் தனித்தனியாக அவிழ்க்க முயல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டிரஸ்ஸர் ஐயா தொட்ட அதே அதிகாரத்திலிருந்து தொடங்குவோம். கப்பர்நகூமில் நான்கு பேர் ஒரு திமிர்வாதக்காரனைச் சுமந்து வருகிறார்கள். கூட்டத்தால் உள்ளே நுழைய முடியாமல் மேற்கூரையைப் பிரித்துப் படுக்கையோடு அவனை இறக்குகிறார்கள். எல்லாரும் எதிர்பார்த்தது அவன் எழுந்து நடக்க வேண்டும் என்பதை. ஆண்டவர் முதலில் சொன்னதோ, "மகனே, உன் பாவங்கள் உனக்கு மன்னிக்கப்பட்டது" என்பது. அந்த வார்த்தைக்கும், "எழுந்து, உன் படுக்கையை எடுத்துக்கொண்டு, உன் வீட்டுக்குப் போ" என்ற வார்த்தைக்கும் நடுவே, யூத வேத அறிஞர்களான வேதபாரகர்கள் மனத்துக்குள் முறுமுறுத்ததும், எது எளிது என்று ஆண்டவர் அவர்களிடம் கேட்டதும் நடக்கின்றன. அந்த இடைவேளை முழுவதும் அவன் தரையில்தான் கிடந்தான், கால் அசையவில்லை. ஆனால் அவன் பாவம் ஏற்கெனவே மன்னிக்கப்பட்டாயிற்று. மன்னிப்பு உண்மையானதா என்பதை அவன் காலைப் பார்த்து யாராவது முடிவு செய்திருந்தால், அந்த நேரத்தில் தவறான முடிவுக்குத்தான் வந்திருப்பார்கள். உங்கள் அப்பா அந்த இடைவேளையில் இருக்கிறார் என்று நான் நினைக்கிறேன். அது எவ்வளவு நீளும் என்பது எனக்குத் தெரியாது. இந்த வாழ்நாள் முழுவதும்கூட நீளலாம்.

அந்த அற்புதமே மன்னிப்புக்குச் சாட்சியாகத்தானே செய்யப்பட்டது என்று நீங்கள் கேட்கலாம். ஆம், "பாவங்களை மன்னிக்க மனுஷகுமாரனுக்கு அதிகாரம் உண்டென்பதை நீங்கள் அறியவேண்டும்" என்று சொல்லித்தான் அதைச் செய்தார். ஆனால் அந்தச் சாட்சி, நம்பாத வேதபாரகர்களுக்காகக் கொடுக்கப்பட்டது, மன்னிப்பைப் பெற்றவனுக்காக அன்று. ஒருமுறை அந்த அதிகாரம் மெய்ப்பிக்கப்பட்ட பிறகு, மன்னிக்கப்பட்ட ஒவ்வொருவருடைய உடலிலும் அதைத் திரும்பத் திரும்ப மெய்ப்பிக்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை.

இரண்டாவது முடிச்சு, நோய் வந்தால் அதற்குப் பின்னால் குறிப்பிட்ட ஒரு பாவம் இருக்க வேண்டும் என்ற எண்ணம். யோவான் 9ஆம் அதிகாரத்தில் சீஷர்களே இதைக் கேட்டார்கள்: பிறவிக் குருடனைக் கண்டு, இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்றார்கள். "அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல" என்று ஆண்டவர் இரண்டையும் மறுத்தார். சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தபோதும், அவர்கள் எருசலேமில் இருந்த மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் அல்லர் என்றே சொன்னார். குற்றமில்லாமலே துன்பப்பட்ட யோபுவிடம் அவன் நண்பர்கள் பல அதிகாரங்களில் வாதாடியதெல்லாம், உன்னிடம் மறைந்த பாவம் இருக்கிறது என்ற ஒரே வாதம்தான். கடைசியில் கர்த்தர் கோபங்கொண்டது அந்த நண்பர்கள்மேல்.

ஆனால் வேதத்தின் மறுபக்கத்தையும் நான் மறைக்கக்கூடாது. 38 ஆண்டுகள் நோயாய்க் கிடந்தவனைப் பெதஸ்தா குளத்தருகே குணமாக்கிய பிறகு, "அதிக கேடானதொன்றும் உனக்கு வராதபடி இனிப் பாவஞ்செய்யாதே" என்று ஆண்டவர் எச்சரித்தார். ஆகவே பாவத்துக்கும் நோய்க்கும் எந்தத் தொடர்பும் ஒருபோதும் இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்தத் தொடர்பு எந்த மனிதனிடத்தில் இருக்கிறது, எவனிடத்தில் இல்லை என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் நமக்குக் கொடுக்கப்படவில்லை என்றே சொல்கிறேன். யாக்கோபு நிருபத்தில் மூப்பர்கள் எண்ணெய் பூசி ஜெபிப்பதைப் பற்றிச் சொல்லும் இடத்தில், "அவன் பாவஞ்செய்தவனானால் அது அவனுக்கு மன்னிக்கப்படும்" என்று எழுதியிருக்கிறது. அந்த "ஆனால்" என்ற சொல்லைக் கவனியுங்கள். நோயாளி என்பதாலேயே அவன் அந்த நோய்க்குரிய பாவத்தைச் செய்தவன் என்று யாக்கோபு எடுத்துக்கொள்ளவில்லை.

கடைசியாக ஒன்று. மாற்கு அந்த இடத்தில் "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்று எழுதுகிறார். சுமந்து வந்தவர்களின் விசுவாசம் அங்கே கணக்கில் எடுக்கப்பட்டது. படுக்கையில் கிடந்தவனிடம், உனக்கு விசுவாசம் போதுமா என்று யாரும் கேட்கவில்லை.

சுகம் பெற்றவன்
திங்கள், மதியம் 1.25

நான் பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்தவன். இந்த இழையில் எங்களைப் போன்றவர்களின் பக்கம் யாரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். சகோதரியின் மனத்தை மேலும் நோகடிப்பதற்காக அன்று.

ஆறு ஆண்டுகள் முதுகு வலியால் ஒரு செம்பனைக் குலையைக்கூடத் தூக்க முடியாமல் இருந்தவன் நான். ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் அந்த வலி நீங்கியது, இன்றுவரை திரும்பவில்லை. அதைப் பற்றி நீங்கள் என்ன நினைத்தாலும், நான் அதை மறுத்துப் பேச முடியாது. எனவே, இந்தக் காலத்தில் தேவன் சரீரத்தைக் குணமாக்குவதில்லை என்பதுபோன்ற தொனி எங்கே வந்தாலும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. "அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்" என்று ஏசாயா சொன்னது ஆத்துமாவைப் பற்றி மட்டும் என்று பலர் விளக்குகிறார்கள். ஆனால் மத்தேயு 8ஆம் அதிகாரம் ஏசாயாவின் அந்தப் பகுதியை எடுத்து, பேதுருவின் மாமியுடைய காய்ச்சலையும் மற்றப் பிணியாளிகளையும் குணமாக்கிய இடத்தில்தான் பொருத்துகிறது: "அவர்தாமே நம்முடைய பெலவீனங்களை ஏற்றுக்கொண்டு, நம்முடைய நோய்களைச் சுமந்தார்." நாசரேத்தில் அவர்களுடைய அவிசுவாசத்தால் அவர் அதிக அற்புதங்கள் செய்யவில்லை என்பதும் எழுதியிருக்கிறது. கொரிந்து சபையில் பலர் வியாதிப்பட்டதற்கு, கர்த்தருடைய பந்தியை, அதாவது திருவிருந்தை, அவர்கள் அவமதித்ததே காரணம் என்று பவுல் நேராகச் சொல்கிறார். இவற்றையும் நாம் வேதத்திலிருந்து வெட்டி எடுத்துவிட முடியாது.

ஆயினும் அந்தப் பிரசங்கியார் செய்ததை நான் கண்டிக்கிறேன், எங்கள் போதனையில் நின்றே கண்டிக்கிறேன். ஆண்டவர் குஷ்டரோகிகளைச் சுத்தமாக்கியபோது, ஆசாரியனிடம் போய்க் காண்பியுங்கள் என்றார். லேவியராகமத்தின்படி குஷ்டத்தைச் சோதித்து, இருக்கிறது இல்லை என்று அறிவிப்பது ஆசாரியனின் பொறுப்பு. சுகம் மெய்யானதானால் அது சோதனைக்கு அஞ்சாது. எங்கள் சபையில் யாராவது குணமானதாகச் சாட்சி சொன்னால், மருத்துவரிடம் போய் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டு வரும்படியும், மருத்துவரே குறைக்கும்வரை மாத்திரையைக் குறைக்க வேண்டாம் என்றும் எங்கள் போதகர் கண்டிப்பாகச் சொல்வார். இயந்திரத்தை விடு என்று சொல்ல அந்த மனிதருக்கு யார் அதிகாரம் கொடுத்தது? அதன் பிறகு, பழியை நோயாளியின் பாவத்தின்மேல் போட்டது அதைவிடக் கொடுமை.

வேதமாணவன்
திங்கள், மாலை 5.50

சகோதரரே, உங்கள் முதுகு வலி நீங்கியதற்காக உங்களோடு சேர்ந்து நானும் நன்றி சொல்கிறேன். மத்தேயுவைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. அந்த வசனத்தை ஆத்துமாவுக்கு மட்டும் என்று சுருக்குவது மத்தேயுவுக்கு விரோதமானது. அதே ஏசாயா வசனத்தை எடுத்த பேதுரு, அதை நாம் பாவங்களுக்குச் செத்து நீதிக்குப் பிழைப்பதோடு இணைத்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சிலுவையில் இரண்டும் அடங்கியிருக்கின்றன. ஆனால் இரண்டும் ஒரே நாளில் நம் கைக்கு வந்து சேர்வதில்லை. மன்னிப்பு இன்றைக்கே கொடுக்கப்படுகிறது. சரீர மீட்புக்கோ நாம் காத்திருக்கிறோம் என்று ரோமர் 8ஆம் அதிகாரம் சொல்கிறது. நடுவில் அவர் தம் சித்தப்படி சிலருக்கு முன்கூட்டியே ஒரு பங்கைத் தருகிறார், உங்களுக்குத் தந்ததைப்போல. பவுலுக்கோ தரவில்லை, மாம்சத்தில் இருந்த முள்ளுக்காக மூன்று முறை வேண்டிக்கொண்டும், "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் கிடைத்தது. பவுல் துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியோடு விட்டுவந்தார். தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். இந்த மூவரில் யாரையாவது விசுவாசக் குறைவுள்ளவர் என்று சொல்ல உங்களுக்கு மனம் வருமா?

கொரிந்துவைப் பற்றியும் ஒரு சொல். அங்கே பவுல் சபை முழுவதையும் பார்த்துப் பேசுகிறார். பசியாய் இருந்த ஏழைகளை ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டவர்களைக் கடிந்துகொள்கிறார். ஒரு நோயாளியின் படுக்கையருகே நின்று, உன் பாவம்தான் என்று விரல் நீட்டுவதற்கு அந்த வசனத்தைப் பயன்படுத்தக்கூடாது.

செபமாலை
திங்கள், இரவு 9.10

நான் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவள். நீங்கள் விசுவாசம் என்று படிக்கும் இடத்தில் நாங்கள் நம்பிக்கை என்று படிக்கிறோம்; நீங்கள் தேவன் என்பவரை நாங்கள் கடவுள் என்கிறோம். வேறுபாடுகள் இருந்தாலும், இந்தச் சகோதரியின் ஊர்ப் பெயரைப் பார்த்தவுடன் எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஜப்பானியர் ஆட்சியில், 1943ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து, சிங்கப்பூரில் உணவுத் தட்டுப்பாடு பெருகியதால், அங்கிருந்த ஐரோவாசிய (ஐரோப்பிய, ஆசியக் கலப்பு வழியில் வந்த) கத்தோலிக்கரும் சீனக் கத்தோலிக்கரும் பகாவ் அருகே காட்டை அழித்துப் பயிரிடுவதற்காகக் குடியேற்றப்பட்டார்கள். மலாக்கா மறைமாவட்டத்தின் ஆயர் அட்ரியன் டெவால்ஸ் அவர்களை அனுப்பிவிட்டுத் தாம் சிங்கப்பூரில் இருந்துவிடவில்லை. கூடவே வந்து அந்த மண்ணில் வேலை செய்தார். பயிர் சரியாக விளையவில்லை. மலேரியாவில் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். ஆயரும், வேலை செய்தபோது பட்ட காயம் முற்றி, 1945 ஜனவரியில் இறந்தார். நாள்தோறும் திருப்பலி நிறைவேற்றிய ஒரு மனிதர், மருந்தில்லாத ஊரில், ஒரு காயத்தால் இறந்தார். அவரிடம் என்ன மறைந்த பாவம் இருந்தது, அங்கே இறந்த குழந்தைகளிடம் என்ன நம்பிக்கைக் குறைவு இருந்தது என்று பகாவ் மண்ணில் நின்றுகொண்டு யாராலாவது கேட்க முடியுமா? அங்கே இல்லாமல் போனது கொய்னா மாத்திரை.

எங்கள் வழக்கத்தில் நோயாளிக்கு எண்ணெய் பூசும் அருட்சாதனம் உண்டு. முன்பெல்லாம் அதை அவஸ்தை பூசுதல் என்பார்கள். குருவானவர் எண்ணெயோடு வீட்டுக்கு வந்தாலே சாவு வந்துவிட்டது என்று வீட்டார் அழத் தொடங்கிவிடுவார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட வழிபாட்டு ஏட்டில், அதை நோயில்பூசுதல் என்று அழைப்பதே மேலும் பொருத்தம் என்றது. திருத்தந்தை ஆறாம் பவுல் 1972இல் அதன் சடங்கு முறையைத் திருத்தினார். அந்த மன்றாட்டில் பாவத்திலிருந்து விடுதலையும், மீட்பும், எழுப்பப்படுதலும் கேட்கப்படுகின்றன. உடல் நலம் வந்தே தீரும் என்று எந்தக் குருவும் வாக்குக் கொடுப்பதில்லை. வராவிட்டால் நோயாளியைக் குற்றம் சொல்வதும் இல்லை. ஒவ்வொரு சூலை 26ஆம் நாளும் பினாங்கு மாநிலத்துப் புக்கிட் மெர்த்தாஜாமில் புனித அன்னம்மாள் திருவிழாவுக்குப் போகும் எத்தனையோ நோயாளிகள் நோயோடுதான் வீடு திரும்புகிறார்கள், அடுத்த ஆண்டும் போகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்கிறேன், இது சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். எங்கள் வழக்கத்தில், பாவசங்கீர்த்தனம் செய்தவர், அதாவது குருவிடம் பாவத்தை அறிக்கையிட்டவர், திருடியதைத் திருப்பிக் கொடுக்கவும் கடமைப்பட்டவர். அப்பா கடவுளிடம் அழுதது சரி. அந்த அம்மாவிடம் போனாரா?

பகாவ் மகள்
செவ்வாய், இரவு 8.30

இன்று டயாலிசிஸ் முடிந்து வந்தவருக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு, எல்லாருடைய பதில்களையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். தரையில் கிடந்தவனைப் பற்றி வேதமாணவன் அண்ணன் எழுதிய பகுதியை இரண்டாவது முறை வாசிக்கச் சொன்னார். ஆயர் பகாவில் இறந்த செய்தி அவருக்குத் தெரியும். அந்தக் குடியேற்றத்தைப் பற்றித் தோட்டத்தில் பெரியவர்கள் பேசியதைச் சிறு வயதில் கேட்டிருக்கிறாராம்.

பிறகு ஒன்று சொன்னார். "நம் ஆட்களுக்கு இரத்தத்திலேயே ஊறியிருக்கிறது, அம்மா. கால் போனால் வினை, கண் போனால் வினை. ஞானஸ்நானம் எடுத்து நாற்பது வருஷமாகியும், நோய் வந்த அன்றைக்கு நான் முதலில் நினைத்தது என்ன பாவம் பண்ணினேனோ என்றுதான்." அந்த அம்மாவிடம் போகவில்லை என்பதையும் ஒப்புக்கொண்டார். வெட்கம்தான் காரணம் என்றார். இப்போது அந்த அம்மா இல்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் காலமாகிவிட்டார். அவருடைய மகன் எங்கள் தாமானிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறார். போனால் அதனால் சிறுநீரகம் குணமாகும் என்ற ஆசையில் போவதாகிவிடுமோ என்று அப்பா பயப்படுகிறார்.

வேதமாணவன்
செவ்வாய், இரவு 9.45

உங்கள் அப்பாவின் அந்த அச்சமே அவருடைய மனச்சாட்சி உயிரோடு இருப்பதற்கு அடையாளம்.

வினையைப் பற்றி அவர் சொன்னது என்னை நீண்ட நேரம் யோசிக்க வைத்தது. வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்பது நம் மொழியில் வேரோடிய சொல். பவுலும், மனுஷன் எதை விதைக்கிறானோ அதையே அறுப்பான் என்று எழுதியிருக்கிறார் என்பதால், இரண்டும் ஒன்றுதான் என்று நாம் எளிதாக எண்ணிவிடுகிறோம். ஆனால் மன்னிப்பு என்பது, ஒருவன் விதைத்ததை வேறொருவர் அறுத்துக்கொண்டார் என்ற செய்தி. அங்கே கணக்கு வேறு கையில் போய்விடுகிறது. தமிழில் பாவம் என்ற சொல்லை நாம் இரண்டு விதமாகவும் சொல்கிறோம் என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள்: பாவம் செய்தவன் என்று குற்றமாகவும், ஐயோ பாவம் என்று இரக்கமாகவும். அந்தப் படுக்கையில் கிடந்தவனைக் கண்டு ஊரார் முதல் பொருளில் சொல்லியிருப்பார்கள். ஆண்டவரோ முதலில் அவனை மகனே என்று அழைத்தார்.

திருப்பிக் கொடுப்பதைப் பற்றி: நான் லூத்தரன் சபையில் வளர்ந்தவன், 1517இல் மார்ட்டின் லூத்தர் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்து எழுந்த வழியில் வந்தவன் என்பதால், மன்னிப்புக்கு விலை கொடுப்பதுபோன்ற எதையும் கண்டால் எனக்குக் கூச்சம். வரி வசூலிப்பவனான சகேயு நாலத்தனையாகத் (நான்கு மடங்காக) திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னது, ஆண்டவர் அவன் வீட்டுக்குள் வந்த பிறகு. வருவதற்குக் கட்டணமாக அவன் அதைச் செலுத்தவில்லை.

செபமாலை
செவ்வாய், இரவு 10.20

கட்டணம் என்று நாங்களும் சொல்வதில்லை, தம்பி. ஆனால் ஏமாற்றப்பட்ட கைம்பெண்ணுக்குக் கடவுளின் மன்னிப்பு அரிசி வாங்கிக் கொடுக்காது. பரிகாரம் என்று நாங்கள் சொல்வது அதைத்தான்.

வேதமாணவன்
செவ்வாய், இரவு 10.31

அதை நான் மறுக்கவில்லை, அக்கா. பலிபீடத்தின் முன் காணிக்கையை வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகச் சொன்ன ஆண்டவர்தான் நம் இருவருக்கும் ஆண்டவர். மனந்திரும்புதல் விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் நீள வேண்டியது என்பதே லூத்தர் எழுதிய 95 வாசகங்களில் முதலாவதும்.

பழைய டிரஸ்ஸர்
புதன், காலை 7.05

மகளே, அப்பாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: செயலிழந்த சிறுநீரகம் எப்படி இருக்கும் என்பதை நான் அறிவேன், அந்த மகனைப் பார்த்துவிட்டு வந்த மறுநாளும் அவர் இயந்திரத்தில் படுக்க வேண்டும் என்பதை மனத்தில் நன்றாக வைத்துக்கொண்டு போகட்டும். அப்போது அவர் அஞ்சுகிற ஆசை வழியிலேயே கழன்றுவிடும். டயாலிசிஸ் இல்லாத நாளில், மாலை வெயில் தாழ்ந்த பிறகு அழைத்துப் போங்கள். அங்கே ஏதாவது குடிக்கக் கொடுத்தால் அளவு மீற வேண்டாம்.

சுகம் பெற்றவன்
புதன், மதியம் 12.50

எங்கள் சபையில் இன்று இரவு அவருக்காக ஜெபிப்போம். சுகத்துக்காகவும் ஜெபிப்போம், அதை நான் விடமாட்டேன். அதோடு, அந்த மகனுக்காகவும்.

பகாவ் மகள்
வெள்ளி, இரவு 10.40

இன்று மாலை போய்வந்தோம்.

அப்பா தாம் சேர்த்து வைத்திருந்த பணத்திலிருந்து 2,000 வெள்ளியை (ரிங்கிட்) ஓர் உறையில் போட்டு எடுத்துக்கொண்டார். அந்த எட்டு மாதப் பாலுக்கு இது ஈடாகுமா என்று அவரால் கணக்கிட முடியவில்லை. அந்த வீட்டு மகன், ஐம்பது வயதைத் தாண்டியவர், எங்களை உட்கார வைத்துவிட்டுக் காப்பி கலக்கி வந்தார். அப்பா சுற்றி வளைக்காமல், எந்த ஆண்டு, எந்தக் கொட்டகை, எவ்வளவு என்று எல்லாவற்றையும் சொன்னார். நோயைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதைச் சொன்னால் இரக்கம் கேட்பதாகிவிடும் என்று வழியிலேயே என்னிடம் சொல்லியிருந்தார்.

அந்த மகன் வெகு நேரம் பேசவில்லை. பிறகு எழுந்து உள்ளே போய், நெகிழிப் பையில் சுற்றிய ஒரு சின்னக் குறிப்பேட்டைக் கொண்டு வந்தார். அவருடைய அம்மா படிக்காதவர் என்றாலும், ஒவ்வொரு நாளும் தம் வாளியைத் தாமே தூக்கிப் பார்த்து, உத்தேசமான எடையைக் கோடு கோடாகப் போட்டு வைத்திருந்தார். மாதச் சம்பளத்தோடு அதை ஒப்பிட்டுப் பக்கத்து வீட்டுப் பிள்ளையை எழுதச் சொல்லியிருக்கிறார். குறைந்த மாதங்கள் எட்டும் அதில் இருந்தன. ஓரத்தில் அப்பாவின் பெயரும் இருந்தது.

அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல், ஒவ்வொரு தீபாவளிக்கும் அவர் வீட்டிலிருந்து ஒரு டின் முறுக்கு எங்கள் லயத்து வீட்டுக்கு வரும். எங்கள் கிறிஸ்துமசுக்கு அம்மா கேக் கொடுத்து அனுப்புவார். அப்பா அந்த முறுக்கைத் தொடவே மாட்டார். ஏன் என்று இன்றுதான் எனக்குப் புரிந்தது.

அந்த மகன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நான் மன்னித்தேன் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, அண்ணே. அது அம்மாவின் காசு. எனக்குக் கோபம் இருக்கிறது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அம்மா தெரிந்தேதான் அந்த முறுக்கைச் சுட்டார்கள்." உறையை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. வேண்டாம் என்றும் உறுதியாகச் சொல்லவில்லை. அது அவர்கள் வீட்டு மேசையின்மேல் இருக்கும்போதே நாங்கள் விடைபெற்றோம்.

அப்பா காப்பியை அரைக் குவளை குடித்தார். காரில் வரும்போது ஒன்றும் பேசவில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது, நாளைக் காலை எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்று கேட்டார். ஆறரைக்கு என்றேன். ஐந்தரைக்கே எழுப்பிவிடச் சொன்னார். அந்தக் காலத்தில் பால்மரத்துக்குப் போகும்போதும் இதைவிட இருட்டில் எழுந்தவன்தானே என்றார்.